கூச்சமுள்ளவர்களுக்கும் அவையில் இடமுண்டு



பெங்களூரு நீலசந்திராவில் இன்று பட்டம் வாங்கும் மாணவர்களாகிய உங்களில் சிலர், எழுத்தாளராகும் ஆசையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பீர்கள். இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காருவீர்கள். முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவீர்கள். இன்று உங்களிடம்தான் பேச விரும்புகிறேன்.

1973இல் அமெரிக்காவின் அயோவா நகரில் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் பயிலரங்குக்குத் தமிழ் எழுத்தாளர் அசோகமித்திரன் அழைக்கப்பட்டார். பல நாட்டு எழுத்தாளர்கள் அங்கே மாதக்கணக்கில் கூடி வாழ்ந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து ‘ஒற்றன்’ நாவல் பிறந்தது. படித்துப் பாருங்கள். உடன் இருந்தவர்களின் தனிமை, பிடிவாதம், அன்பு எல்லாவற்றையும் எவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்கிறார்! தன்னைக் காட்டிக்கொள்வதிலேயே குறியாக இருப்பவர் கண்ணில் இவை படுமா? கூச்ச சுபாவம் உள்ளவருக்குக் கவனிப்பு இயல்பாகவே வரும். அதுதான் உங்கள் முதலீடு.

இலக்கியக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்தால் கால் பின்வாங்கத்தான் செய்யும். வாசகராகப் போங்கள். பேச வருபவரின் ஒரு நூலையாவது முன்கூட்டியே படித்துவிடுங்கள். தேநீர் இடைவேளையில், அதில் உங்களைத் தொட்ட ஓர் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். தன் எழுத்தைப் படித்தவரிடம் முகம் திருப்பும் எழுத்தாளர் அபூர்வம்.

நேரில் பேச நா எழவில்லையா? கடிதம் எழுதுங்கள். தமிழ் இலக்கிய நட்புகள் பலவும் கடிதத்தில் வளர்ந்தவை. எழுத்தாளர் வண்ணதாசனின் கடிதங்கள் ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று நூலாகவே வந்து, கதைகளுக்கு நிகராகப் படிக்கப்படுகின்றன.

வாய்ப்புக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1950இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 2012 முதல் பெங்களூரு இலக்கிய விழா நடக்கிறது. இந்த ஊரில் வாழும் எழுத்தாளர் பாவண்ணன், பைரப்பாவின் கன்னட நாவலைப் ‘பருவம்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்து, மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்த உங்களுக்கு இரண்டு இலக்கிய உலகங்களின் கதவும் திறந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கன்னட இளைஞரிடம், என்ன எழுதுகிறீர்கள் என்று அவர் மொழியிலேயே கேளுங்கள். இன்று விருந்தினராக மேடையில் இருப்பவரைவிட, உங்களோடு சேர்ந்து எழுதத் தொடங்கும் அவர்தான் நெடுநாள் துணையாக வருவார். உங்கள் கதையின் முதல் வடிவத்தைப் படித்து, தேறாத பக்கத்தைத் தேறாது என்று சொல்ல அப்படி ஒருவர் வேண்டும்.

ஆனால் ஒன்று. கூச்சத்தைக் காரணம் காட்டிக் கதையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். குணம் மாற வேண்டாம். எழுத்து வெளியே வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் உட்காருங்கள், தேநீர் முடியும்வரை இருங்கள். “நீங்க எழுதுவீங்களா?” என்று யாராவது கேட்டால், தயங்காமல் “எழுதுவேன்” என்று சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அன்றிரவே ஒரு பக்கம் எழுதுங்கள்.