நெல்லுக்குத் தீட்டுத் தெரியுமா?

(நீடாமங்கலம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் எந்தப் புராணத்திலும் உள்ளதல்ல. உங்கள் வீட்டு விதைநெல் மூட்டைக்குள் இருப்பது. சேற்றிலேயே காலம் கழித்த உங்களுக்கு நெல்லைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க நான் வரவில்லை. நீங்கள் கையால் செய்துவருகிற காரியத்துக்குக் காரணம் என்ன என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

விதைநெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போடுகிறோம். பிறகு வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே பாரம் வைக்கிறோம். மறுநாள் பிரித்தால் வெள்ளை வெள்ளையாய் முளை நிற்கிறது. முளைக்காவிட்டால் என்ன சொல்லுகிறோம்? "தீட்டுக்காரி தொட்டுவிட்டாள்" என்கிறோம். "கைராசி இல்லாதவன் கட்டினான்" என்கிறோம். நெல்லின் மேல் குற்றமில்லை, தண்ணீரின் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் வீட்டிலுள்ள பெண்பிள்ளையின் மேல்!

நெல்லுக்குள் நடப்பதுதான் என்ன? அரிசி என்பது பெரும்பாலும் மாவு. மாவாகவே இருந்தால் இளமுளைக்கு அது பயன்படாது. சர்க்கரையாக மாறினால்தான் பயன்படும். அப்படி மாற்றுகிற ஒரு சரக்கு, நெல் நனைந்த பிறகு உள்ளே சுரக்கிறது. அதற்கு நொதி என்று பெயர். படித்தவர்கள் என்சைம் என்பார்கள். 1833ஆம் வருஷத்திலேயே பிரான்சு தேசத்தில் பாயென், பெர்சோ என்ற இருவர் முளைவிட்ட பார்லியிலிருந்து இந்தச் சரக்கைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். இதே வேலையைச் செய்யும் நொதி நம் எச்சிலிலும் இருக்கிறது. வெறுஞ்சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கிறதே, அது அதனுடைய வேலைதான்.

சரி, இந்த நொதி எதற்குக் கட்டுப்படும்? முக்கியமாக மூன்றுக்கு.

முதலாவது, தண்ணீர். காய்ந்த நெல்லில் அது மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்.

இரண்டாவது, சூடு. குளிரில் தூங்கும், இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாகும். பத்து டிகிரி சூடு ஏறினால் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கொதிக்க வைத்தால், முட்டையின் வெள்ளைக்கரு கட்டியாவதுபோல் நொதியும் உருக்குலைந்து போகும். குளிரில் தூங்கினது மறுபடி எழுந்திருக்கும். கொதியில் கெட்டது எழுந்திருக்காது.

மூன்றாவது, புளிப்பு. வாயில் வேலை செய்த எச்சில் நொதி, இரைப்பையின் புளிப்பில் கலந்ததும் ஓய்ந்துவிடும்.

இப்போது உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பாருங்கள். பனிக்காலத்தில் முளைகட்ட ஏன் கூடுதல் நேரமாகிறது? குளிர். பெரிய மூட்டையின் நடுவில் உள்ள முளை ஏன் சில சமயம் வெந்து போகிறது? முளைக்கும் நெல் தானே சூட்டைக் கிளப்புகிறது. அதனால்தான் கிளறிவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறோம். அவித்த நெல் ஏன் முளைப்பதேயில்லை? அவியலில் விதையின் உயிரும் போயிற்று, நொதியும் போயிற்று. பச்சரிசித் தவிடு சீக்கிரம் சிக்கடித்துப்போக, புழுங்கல் தவிடு அதைவிட நாள் தாங்குவதும் இதனால்தான். தவிட்டு எண்ணெயைக் கெடுக்கும் நொதி அவியலிலேயே அடங்கிவிடுகிறது.

இன்னும் கேளுங்கள். குறுவை அறுக்கிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளுகிறது. கதிரிலேயே நெல் முளைக்கிறது. அரசாங்கக் கொள்முதல் நிலையத்திலோ 17 சதவீத ஈரத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது பொது விதி. குடியானவன் நெல்லைக் கொட்டிவிட்டுச் சாலையோரத்தில் காவல் இருக்கிறான். ஈரமும் சூடும் சேர்ந்துவிட்ட பிறகு நொதி அவனுக்காகக் காத்திருக்குமா? அப்போது "வருண பகவான் சோதனை" என்று அர்ச்சனைக்குக் காசு கொடுப்பதால் ஒரு மணி நெல்லாவது காயுமா? வேண்டியது களம், கூரை, உலர்த்தும் இயந்திரம், நாள் கடத்தாத கொள்முதல். இதே கவலையினால்தான் 1967இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி துவங்கிற்று. பிற்பாடு அது தஞ்சாவூருக்கு வந்தது. காரணம் தெரிந்தால் கேட்க வேண்டிய இடமும் தெரியும். காரணம் தெரியாதவன் கோயில் வாசலில் போய் நிற்பான்.

தோழர்களே! தொட்டால் நெல் கெடுமென்றால், இந்த ஜில்லாவில் ஒரு பிடி அரிசி மிஞ்சியிருக்குமா? நாற்றைப் பறித்தது யார்? நட்டது யார்? களை எடுத்தது, அறுத்தது, அடித்தது யார்? சேரிப் பெண்களும் ஆண்களும் அல்லவா? அவர்கள் தொடாத நெல் மணி எது? ஆனால் அந்த நெல் சோறாகி இலையில் விழுந்தபோது என்ன நடந்தது? 1937 டிசம்பரில், இதே நீடாமங்கலத்தில், அரசியல் மாநாட்டு விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்ட குற்றத்துக்காக ஆதித்திராவிடத் தோழர்கள் அடிக்கப்பட்டார்கள், மொட்டையடிக்கப்பட்டார்கள், சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள். அடித்தவன் வாயிலும் அடிபட்டவன் வாயிலும் சோற்றைச் சர்க்கரையாக்கியது ஒரே நொதிதான். அதற்கு ஜாதி தெரியவில்லை. மனிதனுக்குத்தான் தெரிந்தது!

நான் சொல்வதை நம்பவேண்டாம், செய்து பாருங்கள். ஒரே விதையில் நூறு நூறாக எண்ணி நாலு முடிச்சுக் கட்டுங்கள். ஒன்றைத் தீட்டு என்று நீங்கள் ஒதுக்கி வைக்கிற பெண்ணின் கையால் கட்டச் சொல்லுங்கள். இன்னொன்றைக் குளித்து மடியாக இருப்பவர் கட்டட்டும். இரண்டையும் ஒரே தண்ணீரில் ஊறவைத்து ஒரே இடத்தில் மூடி வையுங்கள். மூன்றாவதையும் அப்படியே ஊறவைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நாலாவதைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். மூன்றாம் நாள் பிரித்து முளைகளை எண்ணுங்கள். குளிரும் கொதியும் செய்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தீட்டு செய்த வித்தியாசம் என்ன என்று பாருங்கள். ஒன்றும் தெரியவில்லையென்றால், அன்று முதல் அந்தப் பெண்ணை ஒதுக்கி வைப்பதை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்டுக்கொள்வது.