பழுதும் பழுதின் மூலமும்

ஒரு கருவி ஒருமுறை பழுதுபடுவது இயல்பு. இரண்டாம் முறையும் பழுதுபடுமாயின், அதனைத் தற்செயல் என்று கூறி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். மூன்றாம் முறையும் அதுவே நிகழுமாயின், குறை அக்கருவியில் மட்டுந்தான் உள்ளதா என்று ஆராய்வது அறிவுடையோர் கடனாகும். இன்று எங்கள் குடாநாட்டில் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரிதும் உரியதாய் விளங்குவது மடிக்கணினி. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபின், அது ஆடம்பரப் பொருள் என்னும் நிலை நீங்கி, கொப்பியும் பேனையும் போன்றதொரு தேவையாயிற்று. 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபொழுது அதன் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றன. ஆகலின், உள்ளதைப் பேணுவது எங்ஙனம் என்பது பலரது இல்லங்களிலும் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

அண்மையில் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் என்னைக் காண வந்தார். அவர் மகன் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்பவன். கனடாவிலிருந்து தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி, எட்டு மாதங்களுள் நான்கு முறை நோயுற்றது. முதலிற் பற்றரி ஊதிற்று. அடுத்து வன்தட்டு செயலிழந்தது. மாற்றிய வன்தட்டும் சில வாரங்களிற் பழுதாயிற்று. ஈற்றில், இயக்கும் பொத்தானை அழுத்தினாலும் அது விழிக்க மறுத்தது. காதில் இருந்த தோட்டை அடைவு வைத்து இன்னுமொரு முறை திருத்துவிப்பதா, அன்றிக் கைவிடுவதா என்பதே அத்தாயாரின் கேள்வி.

நேயர்களே, காய்ச்சல் நோயன்று; நோயின் அறிகுறி என்று வைத்தியர் கூறுவர். மூன்று திருத்துநர் மூன்று பாகங்களைக் கவனித்தார்களேயன்றி, அப்பழுதுகளைக் கோக்கும் நூல் யாது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் பாடசாலையின் கணினி ஆசிரியர் அதனைத் தேடினார். மாணவன் படுக்கையில் மெத்தையின்மீது கணினியை வைத்துப் படிப்பவன். காற்றுத் துவாரங்கள் அடைபட்டு, வெப்பம் உள்ளே தங்கியது. மின்னிணைப்பை ஒருபொழுதும் கழற்றாமையாற் பற்றரி எந்நேரமும் நிறைந்தேயிருந்தது. வெப்பமும் ஓயாத நிறைவும் லித்தியம் பற்றரிக்குப் பகை. ஊதிய பற்றரியைக் கழற்றியபின், புதியது வாங்கப் பணமின்மையால், கணினி நேரே சுவர் மின்சாரத்தில் ஓடியது. அவ்வீட்டு மின்கம்பியின் இணைப்பு ஒன்றோ தளர்ந்திருந்தது. மின்விளக்கு மினுங்கும்போதெல்லாம் கணினி சடுதியாக நின்றது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் வன்தட்டு எத்தனை நாள் தாங்கும்? இறுதியாக, நினைவகத் தகட்டின் தொடுமுனைகளிற் கடற்காற்றின் உப்பு படிந்து களிம்பு ஏறியிருந்தது. இங்ஙனம் ஒரு பழுது மற்றொரு பழுதை ஈன்றது.

கம்பியிணைப்பு திருத்தப்பட்டது, களிம்பு துடைக்கப்பட்டது, இயந்திரம் விழித்தது. அச்செலவு ஒரு புதிய வன்தட்டின் விலையிலுங் குறைவு. தோடு அடைவுக்குப் போகவில்லை. ஆயினும், அந்த மாணவன் மாதக்கணக்கிற் செய்திருந்த செயற்றிட்ட வேலை முதல் வன்தட்டோடு போயிற்று. அதனை எவராலும் மீட்க இயலவில்லை. பொருளை வாங்கலாம், உழைத்த நாள்களை எந்தக் கடையில் வாங்குவது?

எல்லாக் குற்றமும் பாவிப்பவர் தலையிலும் சூழலின் மீதும் விழுவதன்று. உற்பத்தியிலேயே குறை அமைவதும் உண்டு. 2008 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளிற் பொருத்தப்பட்ட தனது சில்லுகள் சில வழக்கத்திலும் அதிகமாகப் பழுதுறுவதை அறிவித்து, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. சூடேறுவதும் ஆறுவதுமாக இருந்தபொழுது சில்லின் நுண்ணிய இணைப்புகள் வெடித்தமையே காரணம். அவ்வாறே, அப்பிள் நிறுவனம் 2015 இல் அறிமுகப்படுத்திய மெல்லிய விசைப்பலகை தொடர்ந்து முறைப்பாட்டுக்கு உள்ளாகி, 2018 இல் இலவசத் திருத்தத் திட்டத்தையும், 2022 இல் 5 கோடி டொலர் இழப்பீட்டு உடன்பாட்டையும் வேண்டி நின்றது. ஆகவே ஒரே பாகம் மீண்டும் மீண்டும் கெடுமாயின், விற்றவரிடம் நியாயம் கேட்கத் தயங்கற்க. பற்றுச்சீட்டைப் பேணுங்கள், பழுதுபட்ட திகதியையும் மாற்றிய பாகத்தையும் ஒரு கொப்பியிற் குறியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடும் உரிமை நமக்குண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கணினியாயின், அதன் உத்தரவாதம் இங்கு செல்லுமா என்பதை வாங்குமுன்னரே கேட்டறிதல் நன்று.

நமது மண்ணுக்கே உரிய சில எச்சரிக்கைகளும் உள. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்குத் தொலைவானதன்று. சோளகக் காற்று புழுதியைக் கொணரும். மாரி ஈரத்தைக் கொணரும். எனவே ஆண்டுக்கொருமுறையேனும் விசிறியைத் துப்புரவு செய்விக்க வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்னிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்தமையால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதும் நினைவிருக்கும். மின்சாரம் நின்றவுடன் கணினியின் இணைப்பைக் கழற்றி, அது மீண்டு வந்து சில நிமிடம் நிலைத்தபின் பொருத்துதல் சாலச் சிறந்தது. பற்றரி ஊதியிருப்பின் அதனை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பற்றக்கூடும். எல்லாவற்றிலும் மேலாக, முக்கியமானவற்றை மூன்று பிரதிகளாக வைத்து, அவற்றுள் ஒன்றை வேறிடத்திற் பேணுங்கள்.

எப்பொழுது கைவிடுவது? திருத்தும் செலவு, அதேயளவு பழைமையான நல்ல கணினி ஒன்றின் விலையிற் பாதியைத் தாண்டுமாயின் நிறுத்திவிடலாம் என்பது நான் கைக்கொள்ளும் கணக்கு. ஆயின் மூலகாரணத்தை நீக்காது புதியதை வாங்கினால், அதுவும் பழையதன் வழியே செல்லும்.

1990 இன் பின் பல்லாண்டு மின்சாரமின்றி, பற்றரிக்கும் தடையிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி இந்த வானொலியைக் கேட்டவர்கள் நாங்கள். அரை நூற்றாண்டு கடந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை இன்றும் எங்கள் வீதிகளில் ஓட வைத்திருப்பவர்களும் நாங்களே. பாகத்தை மாற்றுவது கைவினை. காரணத்தைக் காண்பது அறிவு. கைவினை நம்மிடம் நிறையவுண்டு. அதனோடு காரணம் தேடும் பழக்கத்தையும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்றுவோமாக.