ஓடி வென்றவளின் உடலை அளப்பது யார்?

(கொழும்பு ஜிந்துப்பிட்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



அரசியற் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டு ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், காணியும் மொழியும் வேலையும் தீராத சிக்கல்களாய்க் கிடக்கையில் இவருக்கு ஏன் இந்த வீண்வேலை என்று பின்வரிசையிலுள்ள அன்பர்கள் முணுமுணுக்கக்கூடும். முணுமுணுக்கட்டும். நான் சொல்லப் போவது ஓர் ஏழைத் தமிழ்ப் பெண்ணின் வழக்கு. அவள் வழக்கை வாதாட அன்று ஒருவரும் எழவில்லை. ஆகவேதான் அதை இம்மேடைக்குக் கொண்டு வந்தேன்.

இந்த இடத்திலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தூரத்தில் இருக்கிறது சுகததாச விளையாட்டரங்கு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் கொழும்பில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, இந்திய அணியிலே சாந்தி சவுந்தரராஜன் என்ற தமிழ்நாட்டுப் பெண்ணும் ஓடினார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி அவர் ஊர். தாயும் தந்தையும் செங்கற்சூளைக் கூலிகள். தாழ்த்தப்பட்டோர் எனச் சமூகம் ஒதுக்கி வைத்த குலத்திற் பிறந்தவர். உண்ணப் போதிய உணவின்றி வளர்ந்த அந்தப் பெண், அதே ஆண்டு டிசம்பர் மாதம் டோஹா நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 800 மீற்றர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி முடித்து வெள்ளிப் பதக்கம் வென்றார்.

பதக்கம் அவர் கழுத்திலிருந்த நாட்கள் மிகச் சில. பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்றார்கள். பதக்கத்தைப் பறித்தார்கள். வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டிய செய்தியை உலகத் தொலைக்காட்சிகள் யாவும் ஒலிபரப்பின. தமது பக்கத்தைச் சொல்ல அவருக்கு ஒரு விசாரணை மன்றுகூட இருக்கவில்லை. கருணாநிதி அவர்களின் தலைமையிலிருந்த அன்றைய தமிழ்நாட்டு அரசு 15 இலட்சம் ரூபாவை அவருக்கு வழங்கியது, அதைப் பாராட்டுவோம். ஆயினும் மானத்துக்கு நேர்ந்த பங்கத்தைப் பணம் மாற்றிவிடுமா? 2007இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். சில ஆண்டுகள் கழித்து அதே செங்கற்சூளையில் நாட்கூலிக்கு மண் சுமந்தார். 2016இலேதான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் பதவி கிடைத்தது.

அன்பர்களே, மறுபக்கத்தையும் மறைக்காமற் கூறுவது என் கடமை. பெண்களுக்கெனத் தனிப்பந்தயம் வேண்டுமா என்றால், வேண்டும். 800 மீற்றர் ஓட்டத்தில் 1983இற் செக்கோஸ்லோவாக்கிய வீராங்கனை கிரட்டோச்விலோவா நிலைநாட்டிய சாதனை 1 நிமிடம் 53.28 விநாடி. 2012இற் கென்யாவின் ருடிஷா ஆண்கள் ஓட்டத்தில் எடுத்த நேரம் 1 நிமிடம் 40.91 விநாடி. பன்னிரண்டு விநாடிக்கு மேற்பட்ட இவ்விடைவெளியை உழைப்பினால் நிரப்ப முடியாது. ஆண்பிள்ளைக்குப் பருவ வயதிற் பெருகும் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஓமோன் தசையையும் எலும்பையும் குருதியையும் வலுப்படுத்துகிறது. எல்லைக் கோடு இல்லையானால் எங்கள் பெண்பிள்ளைகள் இறுதிப் பந்தயத்தையே காணமாட்டார்கள். சாந்திக்குப் பின்னால் ஓடி வந்தவளும் ஒரு தாய் பெற்ற மகள்தான். அவளுக்கும் நியாயம் கேட்க உரிமை உண்டு.

எனவே கோடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை எங்கே கீறுவது, எந்தக் கருவி கொண்டு கீறுவது என்பதிலேதான் விஞ்ஞானமே தடுமாறியிருக்கிறது.

1966இற் புடாபெஸ்ற் நகரில் வீராங்கனைகளை வைத்தியர் முன் ஆடையின்றி நிறுத்திப் பார்த்தார்கள். அந்த அவமானம் வேண்டாமென்று 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் நிறமூர்த்தச் சோதனையைக் கொண்டு வந்தார்கள். எக்ஸ் இரண்டு இருந்தால் பெண், எக்ஸும் வையும் இருந்தால் ஆண் என்பது பள்ளிக்கூடப் பாடம். இயற்கை அப்பாடத்தைப் படிக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு மரியா ஹொசே மார்ட்டினெஸ் பட்டினோ தடைதாண்டி ஓடுபவர். 1985இல் யப்பானின் கோபே நகரில் நடந்த சோதனையைத் தொடர்ந்து, அவரது நிறமூர்த்தம் எக்ஸ்-வை என்றறிந்தார்கள். செய்தி வெளியானதும் அவர் சாதனைகள் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டன, உதவிப்பணமும் போயிற்று.

கமக்காரப் பெரியோர்க்கு இதை எளிதில் விளக்கலாம். குளம் நிறைந்திருக்கிறது, வாய்க்காலிலும் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் வயலின் மடை பிறவியிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. அந்த வயலில் ஈரம் ஏறுமா? பட்டினோவின் உடலில் ஆண் ஓமோன் ஓடியது. அவர் உடற்கலங்கள் அதை ஏற்கும் தன்மையற்றவை. அதனால் அவருக்கு ஓர் இம்மியளவு நன்மையும் இல்லை. வாய்க்காலை மட்டும் அளந்தவர்கள் வயலைப் பார்க்கவில்லை. மூன்றாண்டு போராடி 1988இல் அவர் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். இளமையின் சிறந்த காலம் அதற்குள் கழிந்துவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிற் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களில் 8 பேர் இத்தகைய முடிவைப் பெற்றார்கள். எண்மரும் ஓட அனுமதிக்கப்பட்டார்கள். 1999இல் அனைவருக்குமான சோதனையையே ஒலிம்பிக் குழு கைவிட்டது.

அது கைவிடப்பட்ட பின்னரே சாந்தி 2006இற் பிடிபட்டார் என்பதை நினைவில் வையுங்கள். ஐயம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் காலம் அது. ஐயம் யார் மீது எழும்? குரல் தடித்தவள், மார்பு ஒட்டியவள், கறுத்து மெலிந்து வெயிலில் உழைத்தவள் மீது!

இங்கே ஓர் ஒப்பீடு. 2009இற் பெர்லினில் 800 மீற்றர் உலகப் பட்டம் வென்ற தென்னாபிரிக்காவின் காஸ்ரர் செமன்யா மீதும் இதே ஐயம் எழுந்தது. அந்நாட்டு அமைச்சர்களும் மக்களும் ஒருமித்து எழுந்தார்கள். அவர் பதக்கம் பறிக்கப்படவில்லை. பின்னர் கொண்டுவரப்பட்ட ஓமோன் விதியை எதிர்த்து அவர் 2019இல் விளையாட்டு நடுவர் மன்றிலே தோற்றார். எனினும் 2025 ஜூலை 10ஆம் நாள், சுவிற்சர்லாந்து நீதிமன்று அவர் வழக்கைப் போதிய அளவு ஆராயவில்லை, நியாயமான விசாரணைக்கான அவர் உரிமை மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை மன்று தீர்த்தது. ஒடிசாவின் நெசவாளர் மகள் டூட்டி சந்தும் 2014இல் ஒதுக்கப்பட்டு, 2015இல் அதே நடுவர் மன்றிலே வாதாடி அன்றைய விதியை இடைநிறுத்தச் செய்தார். 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வென்றார். பின்னொரு காலத்தில் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அவரே தண்டனை பெற்றார். அதை நான் மறைக்கவில்லை. மருந்து உட்கொள்வது ஒருவர் செய்யும் செயல். செயலுக்குத் தண்டனை தரலாம். பிறந்த உடல் செயலன்று. சிட்னி ஒலிம்பிக்கில் நமது நாட்டுச் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரிற் பெற்ற வெண்கலம், முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உண்டதை ஒப்புக்கொண்டதால் வெள்ளியாக உயர்ந்ததன்றோ? அது நீதி. சாந்தி எதை உண்டார், எதை ஒளித்தார்?

யாழ்ப்பாணத்து ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை எண்ணிப் பாருங்கள். 208 சென்ரிமீற்றர் உயரம். 2018இல் இலங்கை வலைப்பந்தாட்டத்தில் ஆசியக் கிண்ணம் வென்றதில் அவர் பங்கு பெரிது. இயற்கை தந்த உயரத்தை ஒருவரும் குற்றமென்று சொல்லவில்லை, மாலை சூட்டினோம். எந்த இயற்கைக் கொடை நியாயம், எது அநியாயம் என்று பிரிக்கும் தராசு யாரிடம் இருக்கிறது?

கருவிகளின் கதையையும் கேளுங்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் நீச்சல் வீரர் சிலர் நீரில் மிதக்க உதவும் புதுவகை உடையணிந்து சாதனை மேற் சாதனை படைத்தார்கள். அது நியாயமன்றெனக் கண்டு 2010 ஜனவரியிலிருந்து தடுத்தார்கள். ஆனால் முன்னர் வென்ற பதக்கங்களைப் பறித்தார்களா? இல்லை, சாதனைகளும் ஏட்டில் நின்றன. கடையில் வாங்கிய உடைக்கு, விதி இனிமேலுக்கு என்றார்கள். தாய் வயிற்றிற் கிடைத்த உடலுக்கோ, முன்னர் வென்றதையும் பிடுங்கினார்கள். இந்த முரணை விளக்கக்கூடிய சட்டத்தரணி இச்சபையில் இருந்தால் எனக்குச் சொல்லித்தாருங்கள்.

2025 செப்டெம்பர் முதலாம் நாளிலிருந்து உலக மெய்வல்லுநர் அமைப்பு, பெண்கள் பிரிவில் ஓட வருவோர் யாவரும் வாழ்நாளில் ஒருமுறை எஸ்.ஆர்.வை என்னும் பரம்பரையலகுச் சோதனைக்கு உட்பட வேண்டுமென விதித்தது. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்தாற் போதும் என்கிறார்கள். அனைவருக்கும் ஒரே சோதனை என்பதால் ஐயப் பார்வை ஒழியும், அவ்வளவில் நன்மையே. ஆனால் 1990இல் அந்தப் பரம்பரையலகைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகிய ஆஸ்திரேலிய அறிஞர் அன்ரூ சிங்கிளேயரே, அது இருக்கிறதா என்று மட்டும் இச்சோதனை சொல்லும், எவ்வாறு தொழிற்படுகிறது என்று சொல்லாது என எதிர்த்து எழுதினார். மீண்டும் வாய்க்காலை அளக்கப் புறப்பட்டிருக்கிறோம். பிரான்சு நாட்டுச் சட்டம் இத்தகைய சோதனைக்கு இடந்தராமையால் அந்நாட்டு வீராங்கனைகள் எல்லை கடந்து போய்ச் சோதனை செய்ய நேர்ந்தது.

வசதியுள்ள நாட்டில் ஒரு பெண்ணுக்கு எதிர்பாராத முடிவு வந்தால், அருகே வைத்தியரும் வழக்கறிஞரும் இருப்பர். முல்லைத்தீவிலோ அட்டனிலோ பாடசாலைப் போட்டியில் வென்று மேலே வரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யார் இருப்பர்? அவள் படிக்கும் மொழியிலே அந்தக் கடதாசியைப் படித்துச் சொல்ல ஒருவர் இருப்பாரா? முடிவு அவளுக்குத் தெரியுமுன்னே ஊருக்குத் தெரிந்துவிட்டால் எந்தத் தாய் தன் மகளை மைதானத்துக்கு அனுப்புவாள்?

ஆகவே, இச்சபையிலுள்ள வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் ஒன்று வேண்டுகிறேன். இந்நாட்டு வீராங்கனைகளைச் சோதிக்கும் எவரும், சோதனைக்கு முன்னே தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் தந்து, முடிவை அவளிடம் மட்டும் கூறி, மறுவிசாரணைக்கு வழியும் செலவும் கொடுத்தல் வேண்டும் என்று விளையாட்டுத்துறை அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தாருங்கள். கையொப்பம் திரட்டும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்பார்கள். முதற் கையொப்பம் என்னுடையது.