மரத்தூளில் விளையும் காளான்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில் விடியுமுன்னரே ஆடவர் பலர் புறப்பட்டுவிடுகின்றனர். மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட பின் வந்த வாழ்க்கைமுறை இது. லைன் வீடுகளில் எஞ்சியிருப்போர், இருக்குமிடத்திலேயே செய்யத்தக்க தொழில் உண்டா என்று கேட்பது இயல்பே. காளான் வளர்ப்பை ஒரு விடையாகச் சொல்லலாம். ஆயின் அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்லுதல் கடமை.

காட்டுக் காளான் யாவும் வீட்டுக்கு வாரா. மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளான் கறையானோடு உறவு பூண்டு வாழ்வது. அவ்வுறவை நாம் செய்து தர இயலாது. பட்ட மரத்தை உண்டு வாழும் சிப்பிக்காளானோ, மரத்தூளையும் வைக்கோலையும் தந்தால் மனமுவந்து வளரும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் ஜாகியா பானுவும் ஶ்ரீவத்சவாவும் 1962இல் ஒருவகைச் சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்த்துக் காட்டினர். இமயமலை அடிவாரத்தில் கள்ளியின்மேல் முளைத்திருந்த மற்றொரு வகையை 1974இல் ஜன்டைக் என்னும் அறிஞர் வளர்ப்புக்குக் கொண்டுவந்தார். காட்டில் கண்டதைப் பறித்து நாமே சோதிப்பது உயிருக்கு ஆபத்து. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற நம்பத்தக்க இடங்களில் வித்துப் பெறுதலே முறை.

மரத்தூளில் மாவுப்பொருளும் தழைச்சத்தும் மிகக் குறைவு. ஆதலின் அதனோடு தவிடு சேர்ப்பர். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று மொழிபெயர்ப்பு மேசையில் நாம் சிந்தித்ததுண்டு; 'கூட்டூட்டம்' என்பது பொருந்தும் எனத் தோன்றியது. ஆனால் ஊட்டம் காளானுக்கு மட்டும் விருந்தன்று. பச்சைப் பூசணமும் அவ்விருந்துக்கு வந்துவிடும். ஊட்டம் மிகுந்தால் தூய்மையும் மிகவேண்டும். இத்தொழிலின் நெறி இதுவே.

உலர்ந்த மரத்தூள் 8 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ, சுண்ணாம்புக்கல் பொடி 100 கிராம் எடுத்துக் கலந்து, கையிற் பிழிந்தால் ஓரிரு துளி கசியுமளவு நீர் சேர்க்க. சூடு தாங்கும் பைகளில் நிரப்பிப் பஞ்சால் வாயடைத்து, 15 பவுண்டு நீராவி அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் வேகவைக்க. ஆறியபின் தூய கையால் வித்திடுக. ஏறத்தாழ மூன்று வாரத்தில் பை முழுதும் வெண்மை படரும். பின் பையைக் கீறி, ஈரச் சாக்கு, காற்றோட்டம், மங்கிய ஒளி மூன்றும் அமையுமிடத்தில் வைத்தால் சில நாளில் மொட்டு விரியும். பச்சைப் பூசணம் கண்ட பையை உடனே அகற்றுக. நீராவி அழுத்தக் கலம் இல்லாதோர் தவிடு சேர்க்காமல், வெந்நீரில் பதப்படுத்திய வைக்கோலில் தொடங்குவதே அறிவுடைமை.

தங்கவயலுக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: காளான் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்க்கவல்லது. சயனைட் மேட்டு மண்ணோ தூசியோ பையையும் நீரையும் அணுகலாகாது. மருந்து பூசிய பழைய மரத்தின் தூளும் வேண்டா. இரண்டாவது: முதிர்ந்த சிப்பிக்காளான் உதிர்க்கும் நுண்விதை மூச்சில் கலந்தால் இருமலும் காய்ச்சலும் உண்டாகலாம். பாறைத் தூசி சுவாசித்து நுரையீரல் நலிந்த முதியோர் வாழும் ஊர் இது. வளர்ப்பறையை அவர்கள் படுக்கும் அறையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்; குடையின் விளிம்பு விரிந்து மேலெழுமுன்னரே, மூக்கை மறைத்துக் கொண்டு அறுவடை செய்ய வேண்டும்.

தந்தையின் நுரையீரலைச் சுரங்கம் வாங்கிற்று. மகளின் தொழில் அவருடைய எஞ்சிய மூச்சையும் வாங்கலாகாது. இவ்வளவு கவனத்தோடு தொடங்குவோர் பத்துப் பைகளில் தொடங்கட்டும். கை பழகியபின் நூறாக்கட்டும்.