ஆண்டுதோறும் ஓர் ஊசி



மாரிகாலம் பிறந்துவிட்டதென்பதை எங்கள் பாடசாலையின் வரவு இடாப்பே முதலில் அறிவிக்கும். இன்று ஒரு வகுப்பில் இருவர் வாரார். நாளை அறுவர் வாரார். வாரமுடிவில் ஆசிரியரின் கதிரையும் வெறுமையாய்க் கிடக்கும். "வெறும் தடிமன் காய்ச்சல்தானே" என்று சொல்லிக்கொள்வோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே சொல்லி வந்தவன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், இன்புளுவென்சாத் தடுப்பூசி ஏற்றிக்கொள்ளுமாறு வைத்திய நண்பர் ஒருவர் கூறினார். "எனக்குக் கொத்தமல்லிக் குடிநீர் போதும்" என்று நகைத்துவிட்டு வந்தேன். கார்த்திகையிலே காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் நான் எழுந்து நடமாடினேன். ஆனால், எண்பது வயதைக் கடந்த, தொய்வு நோயுள்ள என் அன்னையார் படுக்கையில் வீழ்ந்தார். பன்னிரண்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். பிராணவாயுவின் துணைகொண்டே மூச்செடுத்தார். பிழைத்துக்கொண்டார், எனினும் அவருடைய பழைய நடை திரும்பவில்லை. எங்கள் வீட்டில் முதலில் இருமியவன் நானே. என் உடலுக்கு ஊசி வேண்டாமென்று தீர்மானித்தபோது, அவருக்காகவும் நானே தீர்மானித்துவிட்டேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

"சென்ற ஆண்டு போட்ட ஊசி இவ்வாண்டுக்குப் போதாதோ?" என்று கேட்பீர்கள். போதாது. இவ்வைரசு ஓயாது உருமாறுவது. முன்பு பெற்ற பாதுகாப்பும் நாளடைவில் குன்றிவிடும். ஆதலால் உலக சுகாதார நிறுவனம், பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் திரட்டும் மாதிரிகளை ஆராய்ந்து, ஆண்டில் இருமுறை தடுப்பூசியின் சேர்மானத்தைப் பரிந்துரைக்கிறது. வட அரைக்கோளத்துக்குரியது பெப்ரவரியிலும், தென் அரைக்கோளத்துக்குரியது செப்தெம்பரிலும் அறிவிக்கப்படுகின்றன.

"ஊசியே காய்ச்சலைத் தருமாமே" என்பது மற்றோர் அச்சம். ஊசியாக ஏற்றப்படும் இம்மருந்தில் உயிருள்ள வைரசு இல்லை. அதனால் இன்புளுவென்சா உண்டாகாது. கை நோவும், ஓரிரு நாள் இலேசான உடற்சூடும் வரலாம். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் செல்லும். அதற்கிடையில் நோய் தொற்றியவர்களே ஊசியைப் பழிக்கின்றனர். ஊசி ஏற்றியவருக்குப் பின்னரும் காய்ச்சல் வருதல் கூடும். ஆனால் அது கடுமையாகும் வாய்ப்புக் குறைவு.

முதியோர், கருவுற்ற தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு, இருதய நோய், தொய்வு முதலியன உடையோர், வைத்தியசாலைப் பணியாளர் ஆகியோருக்கு இது மிக இன்றியமையாதது. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இவ்வூசி ஏற்றப்படுவதில்லை. கருவுற்ற காலத்தில் தாய் ஏற்றிக்கொண்ட ஊசியே அச்சிசுவுக்குக் கவசமாகும். முன்னர் தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் வைத்தியரைக் கலந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

இப்பொழுது ஆண்டுதோறும் மாரிக்கு முன்னரே அன்னையாரும் நானும் ஒன்றாய்ச் சென்று ஊசி ஏற்றிக்கொள்கிறோம். முதன்முறை ஏற்றிய அன்று அவர் கையைத் தடவியவாறு, "இவ்வளவுதானா, தம்பி?" என்று கேட்டார். ஆம், நேயர்களே, இவ்வளவுதான்.