சிடியும் சிலந்தியும்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றே கேட்கிற தம்பிகளே!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிடி கிடக்கும். பாட்டுக் கேட்டோம், படம் பார்த்தோம், கடைசியில் வயலில் காக்கா ஓட்டக் கட்டிவிட்டோம். அதிலே எதுவும் பதியாத வெற்று சிடிக்குள் சுற்றிச் சுற்றிப் பள்ளம் ஓடுகிறது ஐயா! ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 1.6 மைக்ரான். ஒரு தலைமுடி அகலத்தில் நாற்பது வரி அடங்கும். முடியை என் தலையில் தேடாதீர்கள்!

மேல்பூச்சை உரித்து, கிருமி நீக்கி, அந்தப் பள்ளத்தில் உயிருள்ள செல்களை வளர்க்கிறார்கள் ஆய்வாளர்கள். வழவழப்பான தட்டில் விட்டால் செல் மனம்போன திசையில் கிடக்கும். பள்ளம் இருந்தால் அதன் போக்கிலேயே நீண்டு படுக்கும். இதயத் தசைக்கு அந்த வரிசை வேண்டும். ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தால் தேர் நகருமா? நம் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது, பெயர் வேண்டாம். ஒரு தலைவர், எட்டுச் செயலாளர், உறுப்பினர்தான் இல்லை! சரி, விடுங்கள். அவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள்.

இந்த வரிசைக்கு சிடி இல்லாமலே வழி கண்டவரும் உண்டு. கலிஃபோர்னியாவில் மெர்செட் என்று ஓர் ஊர். அங்கே அப்போது புதிதாய் வந்திருந்த பல்கலைக்கழகத்தில் மிஷெல் கைன் என்ற அம்மையார் இருந்தார். நுண்கருவி செய்யத் தூசியில்லாக் கூடம் இருக்கவில்லை. அழுதாரா? சின்ன வயதில் விளையாடிய ஷ்ரிங்கி டிங்க்ஸ் தாளை எடுத்தார். சூடு பட்டால் சுருங்கும் பாலிஸ்டைரீன். ஆய்வகத்தில் செல் வளர்க்கிற தட்டும் அதே பிளாஸ்டிக்தான். லேசர் பிரிண்டரில் கோடு அடித்தார், ரொட்டி வாட்டும் அடுப்பில் வைத்தார், 2008-ல் ஆய்வுக் கட்டுரை! பிறகு அந்தத் தாளுக்கு மெல்லிய உலோகப் பூச்சு. தாள் சுருங்குகிறது, உலோகம் மாட்டேன் என்கிறது, மடிப்பு மடிப்பாய் விழுகிறது. அந்த மடிப்பில் இதயச் செல்கள் வரிசை கட்டின.

செல்லைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டுமே! நாங்கள் படித்த பள்ளியிலும் ஒன்று இருந்தது. அதிகாரி வரும் அன்று மட்டும் அலமாரியைத் திறப்பார்கள். அந்தப் பூட்டை மதிக்காமல் எங்களுக்கு வெங்காயத் தோலைக் காட்டினார் ஒரு வாத்தியார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் கையில் ஒரு சிடி அகப்பட்டிருந்தால்!

இன்னொரு மேடையில் ஒருவர் முழங்கினாராம், இதெல்லாம் நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று. நாளைக்கு லேசர் பிரிண்டரும் அவர்களிடம் இருந்தது என்பார். செய்து பார்த்தவன் கதையைக் கேளுங்கள். 1907-ல் தவளைக் கருவின் நரம்பை உடலுக்கு வெளியே, ஒரு துளி நிணநீரில் வளர்த்துக் காட்டினார் ராஸ் ஹாரிசன். அடுத்து, செல் எதைப் பற்றிக்கொண்டு நகரும் என்று பார்க்கச் சிலந்தி நூலைக் குறுக்கே கட்டினார். செல் அந்த நூல்மேலேயே நீண்டு போயிற்று! பள்ளத்துக்கெல்லாம் முன்னோடி அந்த நூல். அந்த மனிதருக்கு நோபல் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை! எங்கள் வாத்தியாருக்கும் நல்லாசிரியர் விருது கொடுக்கவில்லை!

நம் நூலகத்துக்கு ஒரு நுண்ணோக்கி வேண்டும், பூட்டு இல்லாமல். இதோ, துண்டை விரிக்கிறேன். முதல் நோட்டு தலைவர் அவர்களுடையது. சிரித்தால் விடமாட்டேன் ஐயா, பையில் கையை விடுங்கள்!