எல்லாம் வலது கால்

(ஊராட்சிக் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



தோல் வாரில் பூ வெட்டுற வேலையைப் பத்திப் பத்து நிமிஷம் பேசும்மான்னு தலைவி அக்கா சொன்னாங்க. கை பழகின அளவுக்கு எனக்கு வாய் பழகலை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

முன் வரிசையில ஒரு ஜோடி வார் கொடுத்திருக்கேன். கையில வாங்கிப் பார்த்துட்டுப் பின்னாடி அனுப்புங்க. இதைப் பார்க்கிறவங்க எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி, "இது நாய்க்கா, மாட்டுக்கா?" என்பதுதான். ரெண்டுக்கும் இல்லை. இது மனுஷன் காலுக்கு. குதிரை ஓட்டுறவங்க பூட்ஸோட குதிகாலில் இரும்பில் ஒரு வளைவு மாட்டுவாங்க. அதன் பின்னாடி சின்னதா ஒரு முள்ளுச் சக்கரம் இருக்கும். குதிரைக்கு விலாவில் லேசாத் தொட்டு சைகை காட்ட அது. இங்கிலீஷ்ல ஸ்பர், நம்ம தமிழில் குதிமுள். அது கழன்று விழாமல் பாதத்து மேல் சுற்றிக் கட்டுற வார்தான் உங்க கையில இருக்கிறது.

அமெரிக்காவில் மாடு மேய்க்கிற கௌபாய்கள் இதை அலங்காரமாவே போடுவாங்க. அங்கே வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன்னு ஒரு ஊர். அந்த ஊர்க்காரர் டான் கிங் என்ற சேணத் தொழிலாளி, கொடி வட்டம் வட்டமாச் சுருண்டு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பூ இருக்கிற மாதிரி தோலில் வெட்டினார். அதுக்கு இன்னைக்கும் ஷெரிடன் பாணின்னுதான் பேர். நான் குதிரை மேல ஏறினதில்லை. ஆனா அந்தச் சுருள் கொடியைப் பார்த்ததும் கோலம் போட்ட கைக்கு அது அந்நியமாத் தெரியலை. ஒரே வித்தியாசம், கோலம் தப்பினா அழிச்சுப் போடலாம். தோலில் கத்தி விழுந்தா விழுந்ததுதான்.

நம்ம பக்கத்துப் பெண்கள் பல பேர் மாதிரி நானும் ஷூ கம்பெனிக்கு வீட்டில் இருந்தே அப்பர் தைச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தவள்தான். ஊசியில் விரல் தேய்ஞ்சதுதான் மிச்சம். அப்புறம் ஒரு பயிற்சியில் பூ வெட்டக் கத்துக்கிட்டேன். வெளிநாட்டுக்குச் சரக்கு சேர்த்துக் கொடுக்கிற ஒருத்தர் 20 ஜோடி வாருக்கு ஆர்டர் கொடுத்தார். குழுவில் 12,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். கத்தி, அச்சு உளிகளுக்கு 5,500 போச்சு. அடிக்கிறதுக்கு அடியில் வைக்கிற கல் மட்டும் இலவசம். சமையல் மேடைக்கு வெட்டி மீந்த கிரானைட் துண்டு.

முதல் அடி தோலில் விழுந்தது. கடையில் மெத்துன்னு, விலை குறைவா இருந்த தோலை 2,600 ரூபாய்க்கு வாங்கிட்டேன். ராத்திரி முழுக்க பூ அடிச்சேன். காலையில் பார்த்தா பூ எல்லாம் உப்பி, தோல் வழவழன்னு இருக்குது. அது குரோம் உப்பில் பதனிட்ட தோல். ஷூவுக்கு நல்லது, மழையில் நனைஞ்சாலும் தாங்கும். ஆனா அடிச்ச அச்சு அதில் நிற்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோலில்தான் நிற்கும். முன்னே நம்ம நாட்டில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டாங்க, பின்னாடி வாட்டில் பட்டை வந்தது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் அப்படிப் பதனிட்ட தோல்தான் ஈ.ஐ. தோல்னு சீமைக்குப் போச்சு. அதுக்குப் புவிசார் குறியீடும் இருக்குது. இதெல்லாம் பணம் போன பிறகு தெரிஞ்சுக்கிட்டது. நீங்க தோல் வாங்கினா ஓரத்தை வெட்டிப் பாருங்க. உள்ளே நீலமோ சாம்பலோ தெரிஞ்சா குரோம். பட்டைத் தோல் உள்ளேயும் பழுப்பா இருக்கும். லேசா ஈரம் தொட்டு நகத்தால் அழுத்தினா தடம் அப்படியே நிற்கும்.

வேலை எப்படின்னு சுருக்கமாச் சொல்றேன். மூணு நாலு மில்லிமீட்டர் தடிமன் உள்ள தோலை நனைச்சு, பிளாஸ்டிக் பையில் ஒரு ராத்திரி மூடி வைக்கணும். ரொம்ப ஈரமா இருந்தா கோடு மூடிக்கும், காய்ஞ்சா கத்தி இழுக்காது. மேல்பக்க நிறம் பழையபடி வெளுக்க ஆரம்பிக்கணும், கன்னத்தில் வைச்சா குளுகுளுன்னு இருக்கணும். அதுதான் பதம். அடிக்க அடிக்க தோல் நீளும். அதனால் பின்பக்கம் டேப் ஒட்டிக்குவோம். படத்தைத் தோலில் பதிச்சு, தலையில் விரல் வைச்சுத் திருப்புற சுழல் கத்தியால் கோடு வெட்டணும். பாதி ஆழத்தைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு உளியால் தட்டித் தாழ்த்தினா இதழ் மேலே எழுந்து நிற்கும். பூவுக்கு நடுவில் இருக்கிற இடத்தைப் பொடி அச்சால் அமுக்கணும். சுத்தி மரத்திலோ பச்சைத் தோலிலோ இருக்கணும், இரும்புச் சுத்தி உளித் தலையை நசுக்கிடும். இன்னொண்ணு, ஈரத் தோலில் துருப்பிடிச்ச இரும்பு பட்டா கருப்புக் கறை விழும். வாழைக்காய் நறுக்கின கத்தி கருக்குது பாருங்க, அதே துவர்ப்புதான் காரணம். புதுக் கறையா இருந்தா எலுமிச்சைச் சாறு கொஞ்சம் எடுக்கும். அப்புறம் சாயம், எண்ணெய், ஓரம் தேய்ச்சு மினுக்குறது, தையல்.

இப்படி 40 வார் முடிச்சுப் பெருமையா எடுத்துக்கிட்டுப் போனேன். அவர் ஒவ்வொண்ணா மேசையில் பரப்பினார். "ஏம்மா, இது எல்லாம் வலது கால். இடது எங்கே?" என்றார்.

எனக்குக் காதடைச்சுப் போச்சு. பக்கிள் எப்பவும் பாதத்துக்கு வெளிப்பக்கம் வரணும். உள்பக்கம் வந்தா குதிரை மேல உரசும். அதனால் வலதுக்கும் இடதுக்கும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறி இருக்கணும். பூ ஒரு பக்கம்தான் இருக்குது, திருப்பியும் போட முடியாது. நான் ஒரே காகித வடிவத்தை 40 தடவை வரைஞ்சிருக்கேன். ஷூ தைச்சுப் பிழைச்சவளுக்கு ரெண்டு கால் இருக்கிறது மறந்து போச்சு.

இருக்கிற வலதில் 20 எடுத்து, புதுசா 20 இடது செஞ்சா ஆர்டர் முடியும். பக்கிளை மிச்ச வாரிலிருந்து கழற்றிக்கலாம். தோலுக்கும் சாயத்துக்கும் 1,500 ரூபாய் வேணும். கடன் கையில் மிஞ்சினது 300. எங்க குழுவில் பாதிக் கடன் கட்டாமல் அடுத்த கடன் இல்லைன்னு விதி. கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "ரெண்டு தடவை தப்பு பண்ணினவளுக்கு மூணாவது தடவையும் கொடுக்கிறதா? இது எல்லாரோட சேமிப்பு" என்றார். எனக்கு அழுகை வந்துச்சு. ஆனா அவங்க சொன்னது நியாயம். அடுத்து அவங்களே, "அழாதே, கணக்கைக் காட்டு" என்றாங்க. நோட்டில் எழுதினதைக் காட்டினேன். குரோம் தோலில் போனதையும் மறைக்கலை. கடைசியில் விதியை மாத்தலை. ரெண்டு உறுப்பினர்கள் ஆளுக்கு 750 போட்டு என்கூட வேலையில் சேர்ந்தாங்க. அதில் ஒருத்தர் அந்த அக்காதான். பன்னிரண்டு நாளில் முடிச்சுக் கொடுத்தோம். மிஞ்சின 20 வலது வாருக்கு அடுத்த ஆர்டரில் ஜோடி சேர்ந்துச்சு.

இப்போ அந்த அக்கா தோல் வெட்டும்போதே பின்பக்கம் பென்சிலால் வ, இ என்று எழுதிடுவாங்க. எழுதாத துண்டில் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

கூலிக்கணக்கையும் சொல்லிடறேன். ஜோடிக்கு 350 ரூபாய் கொடுத்தார். பொருள் செலவு 180. மிச்சம் 170. நேரத்தை எழுதி வைச்சுப் பார்த்தா ஒரு ஜோடிக்கு 7 மணி நேரம். மணிக்கு 25 ரூபாய்கூட வரலை. அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டு, இப்போ 430 வாங்குறோம். இதுவும் போதாதுதான். இன்னும் கேட்போம். ஆனா நேரத்தை எழுதாமல் இருந்திருந்தா 350-யே லாபம்னு நினைச்சிருப்பேன். அப்பளம் போட்டாலும் பை தைச்சாலும் உங்க நேரத்தையும் எழுதி வையுங்க.

தோல் வேலைன்னா ஊரில் ஒரு மாதிரிப் பேசுறவங்க இருக்கிறாங்க. அவங்களும் தோல் பெல்ட் கட்டிக்கிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போறாங்க. நான் அதுக்குப் பதில் சொல்றதை விட்டுட்டேன். எனக்கு ஆர்டர் நாள் இருக்குது.

வர்ற மாசம் எங்க குழுவில் இன்னும் நாலு பேருக்குக் கத்துக்கொடுக்கப் போறோம். விருப்பம் இருக்கிறவங்க வாங்க. முதல் பாடம் கத்தி பிடிக்கிறது இல்லை, கடையில் தோலை நகத்தால் அழுத்திப் பார்க்கிறது.

அந்த ஜோடி வாரைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நாளைக்கு அனுப்பணும். வலது ஒண்ணு, இடது ஒண்ணு, நல்லாப் பார்த்துட்டேன்.